ஏற்றுக்கொண்டவர்களின் நாற்காலிகள்

பூலாங்காட்டு வீதிக்கு முதல் நாற்காலி எந்தக் கிழமை வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கிழமை சொல்வார்கள், ஆனால் அது கோகிலா வீட்டுக்குத்தான் வந்தது என்பதிலும், காலை டீக்கு அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் வந்தது என்பதிலும், கறுப்பு மெத்தை வைத்த சுழல் நாற்காலி அது என்பதிலும் ஒருத்தருக்கும் சந்தேகம் கிடையாது. திருப்பூரில், வெளிநாட்டு பையர்களுக்குப் பனியன் வாங்கி அனுப்புகிற ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசராக இருக்கிற கோகிலா, முந்தின நாள் சாயங்காலம், என்ன படித்தோம் எங்கே வேலை பார்த்தோம் என்றெல்லாம் எழுதிப் போட்டு முன்னே பின்னே தெரியாதவர்கள் ஒருத்தரை ஒருத்தர் ‘தொடர்பாக’ ஏற்றுக்கொள்கிற அந்த வேலைத் தளத்தில், டெல்லிப் பக்கத்து மேனேஜர் ஒருவரை ஏற்றுக்கொண்டிருந்தாள். விடிந்து பார்த்தால், முதுகுப் பக்கம் அவர் பேர் சின்னதாக எழுதியிருக்க, நாற்காலி ஹாலில் நிற்கிறது. கோகிலா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சரி, கெடந்துட்டுப் போகுது" என்று ஹேண்ட்பேக்கை அதன்மேல் வைத்தாள்.

மறுநாள் இன்னும் ரெண்டு வந்தது, அதற்கு மறுநாள் ஐந்து வந்தது, அப்புறம் அந்தத் தளத்தில் பேர் பதிந்திருந்த எல்லா வீட்டுக்கும் வர ஆரம்பித்தது, ஏற்றுக்கொண்ட ஆளுக்கு ஒன்று வீதம், டெய்லராக இருந்தால் சிவப்பு பிளாஸ்டிக், பேங்க் ஆளாக இருந்தால் கை வைத்த மர நாற்காலி, வெளிநாட்டு பையராக இருந்தால் உட்கார்ந்தால் ஒடிந்துவிடுமோ என்று பயப்படுகிற மாதிரி மெல்லிசுக் கம்பி நாற்காலி. வீதிக்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்கிறீர்கள்? மழை வந்தால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படித்தான். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, எங்கே வைப்பது என்றுதான் கேட்டார்கள். ஹால் நிறைந்தால் மொட்டை மாடி, மாடி நிறைந்தால் சந்து, சந்தும் நிறைந்தபோது காதுகுத்து, சீர், எழவு என்று எந்த வீட்டு விசேஷத்துக்கும் நாற்காலி வாடகைக்கு எடுக்கிற வழக்கமே அந்த வீதியில் ஒழிந்தது. சாமியானா கடை ரங்கசாமி அண்ணன் ஒரு மாசம் எல்லாரையும் திட்டித் தீர்த்துவிட்டு, ரெண்டாம் மாசம் அவரும் தளத்தில் சேர்ந்து, ‘நிகழ்ச்சி மேலாண்மை நிபுணர்’ என்று எழுதிப் போட்டு, தென்னிந்தியா முழுக்க இருக்கிற பந்தல்காரர்களை ஏற்றுக்கொண்டு மறுபடியும் கடையை நிரப்பிவிட்டார்.

பொண்ணு பார்க்க வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதே கண்ணால் நாற்காலியை எண்ணினார்கள். எங்கேயோ யாருக்கோ பதவி உயர்வு வந்தால் அவருடைய நாற்காலி கிறீச்சென்று கத்தும், வீட்டில் யாராவது "வாழ்த்துகள்!" என்று சொல்கிறவரை நிறுத்தாது, அதனால் காலை ஒன்பது மணிக்கு அந்த வீதியில் போனால் ஒரு வீட்டில் பல் தேய்க்கிறவர் வாயில் நுரையோடும், இன்னொரு வீட்டில் தோசை திருப்புகிறவள் கரண்டியோடும், முகமறியாத ஆட்களுக்கு வாழ்த்துகள், வாழ்த்துகள் என்று கூவிக்கொண்டிருப்பது காதில் விழும். பொய் சொல்லக் கூடாது, நல்லதும் நடந்தது. மூன்றாவது வீட்டுச் சாயப்பட்டறை மாஸ்டருக்கு லூதியானா நாற்காலி ஒன்றின் வழியாக நல்ல வேலையே கிடைத்தது, கோகிலாவின் கொழுந்தனார் கொழும்புக்குப் போனார். ஆனால் அந்த நாற்காலிகளில் அவற்றுக்கு உரியவர்கள் ஒருத்தராவது வந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் எதிர்வீட்டு வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் துளசிமணி. நம்பாமல் இருப்பதுதான் அவள் தொழில். இருபத்தொரு வருசம் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள், டீ-சர்ட் கையில் வந்தால் அது அழகாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டாள், உள்ளே திருப்பி அக்குள் தையலில் எங்கே விட்டிருக்கிறான், ஊசி எங்கே ஓட்டை போட்டிருக்கிறது, எண்ணெய்க் கறையை எங்கே மடித்து மறைத்திருக்கிறான் என்றுதான் பார்ப்பாள், கண்டுபிடித்துச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டியபிறகுதான் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். கட்டின புருசன் குப்புராஜையே கல்யாணத்தன்று ஏற இறங்கப் பார்த்து "இடது தோள் கொஞ்சம் தாழ்வு" என்று அக்காவிடம் சொன்னவள் என்று சொந்தத்தில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். தளத்தில் அவளும் பேர் பதிந்துதான் வைத்திருந்தாள், கோகிலாவின் தொல்லை தாங்காமல். அவள் வீட்டில் இருந்தது மூன்றே நாற்காலி, மூன்றும் கூட வேலை பார்த்த பெண்களுடையவை, மற்ற யார் கேட்டாலும், "இவன் யாரு? எதுக்கு என்னையக் கேக்கறான்?" என்று தள்ளிவிடுவாள்.

அவளுக்குப் பிடிக்காத இன்னொரு சமாச்சாரமும் இருந்தது. தளத்தில் நம் விவரத்தை யாராவது எட்டிப் பார்த்துவிட்டுப் போனால், அன்றைக்குச் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும், பேர் இருக்காது, இருட்டினால் நாற்காலியே இருக்காது. பணம் கட்டினால் முகம் காட்டித் திரும்பும் என்று கோகிலா சொன்னாள். "வாசல்ல வந்து முதுகக் காட்டி நிக்கறவன் மூஞ்சிய நான் எதுக்குக் காசு குடுத்துப் பாக்கோணும்?" என்று துளசிமணி ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள்.

அப்படி இருந்தவளுக்கு வந்து சேர்ந்தது சோதனை. ஆர்டர் வேறு தேசத்துக்குப் போய்விட்டதென்று அவள் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை மூடிக்கொண்டது. குப்புராஜ் துணியை அழுத்திச் சுருக்குகிற காம்பாக்டிங் மிஷினில் வலதுகை விரல் மூன்றைக் கொடுத்துவிட்டு நாலு வருசமாக வீட்டில் இருக்கிறவர், சமைப்பார், துணி துவைப்பார், சம்பளம் கொண்டுவர முடியாது. துளசிமணிக்கு நாற்பத்தாறு வயசு, செக்கிங் தவிர வேறொன்றும் தெரியாது. அடுத்த மாசம் அடுப்பு எரியவேண்டுமென்றால் அவளுக்கு வேலை வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

அவிநாசி ரோட்டில் புதிதாக வந்திருந்த பெரிய கம்பெனியில் செக்கிங்குக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் இருந்த எச்.ஆர். பெண் அவளுடைய சர்ட்டிபிகேட்டைத் தொடவேயில்லை.

"அனுபவம் எல்லாம் சரிங்கம்மா. நாற்காலி எத்தனை?"

"மூணுங்க."

"முந்நூறா?"

"மூணே மூணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

அந்தப் பெண் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஐந்நூறு இருந்தாத்தானுங்கம்மா எங்க சிஸ்டமே உங்க பேர எடுக்கும். வீட்டுக்கு ஆள் வந்து எண்ணிப் பாப்பாங்க. சேத்திட்டு வாங்க."

துளசிமணி வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற வாக்கில் குடித்துவிட்டு, நேராக எதிர்வீட்டுக்குப் போய், சுவரோரம் வரை அடுக்கியிருந்த ஆயிரத்துச் சொச்சம் நாற்காலிகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நுழைந்து, கோகிலா முன்னால் போனை நீட்டினாள்.

"ஐந்நூறு வேணும், அம்மிணி."

கோகிலா கைதட்டிச் சிரித்தாள். சிரித்தாலும் நல்ல மனசு அவளுக்கு, அன்றைக்கு ஆபீஸ் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து, துளசிமணியின் பேருக்குக் கீழே இருந்த ‘செக்கிங்’ என்ற ஒரே வார்த்தையை அழித்துவிட்டு, ‘தரக் கட்டுப்பாட்டில் இருபத்தொரு ஆண்டு பேரார்வம் கொண்ட தலைமைத்துவ ஆளுமை’ என்று எழுதினாள்.

"பேரார்வமா? எனக்குக் கழுத்து வலிதான் இருந்துச்சு."

"சும்மா இருங்கக்கா. கழுத்து வலின்னு போட்டா யாரு ஏத்துக்குவாங்க?"

மார்ச் மாசம் பதினெட்டாம் தேதி காலையில் தொடங்கி, தானாகக் கேட்டவர்களை எல்லாம் ஏற்றுக்கொண்டும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கேட்டு அனுப்பியும், ஏப்ரல் கடைசிக்குள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி சேர்ந்துவிட்டது. ரெண்டு ரூம் வீடு அது. கட்டில் வெளியே போனது, பீரோ வெளியே போனது, குப்புராஜ் அடுப்பங்கரைக்குப் போக மூன்று நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்து, உள்ளே போனதும் மூன்றையும் மறுபடி இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லா நாற்காலியும் எப்போதும் துளசிமணி இருக்கும் பக்கம் பார்த்தே நின்றன. அவள் குளித்துவிட்டு வந்தால் குளியலறைப் பக்கம் பார்த்து நின்றன. "ஏம்புள்ள, ஐந்நூறு பேர் நம்மளயே மொறச்சிட்டு இருக்கறாப்பல இருக்குது, சோறு எறங்க மாட்டேங்குது" என்றார் குப்புராஜ்.

கம்பெனி ஆள் வந்து எண்ணிவிட்டு, எண்ணிக்கை சரி, ஆனால் இதில் ஒருத்தராவது உங்களைப் பற்றிப் பேசவேண்டும், சிபாரிசு இல்லாமல் மேலே போகாது என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதுதான் துளசிமணிக்குச் சரக்கைச் சோதித்துப் பார்க்கிற புத்தி வந்தது. ஷிப்மெண்டுக்கு முன்னால் பெட்டி முழுக்கப் பிரிக்க மாட்டார்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக எண்ணி எடுத்துப் பார்ப்பார்கள், அதில் குறை மிஞ்சினால் மொத்தமும் ரிஜெக்ட், அதுதான் முறை. அவளும் கண்ணை மூடிக்கொண்டு முப்பத்திரண்டு நாற்காலியைத் தொட்டு, முதுகில் இருந்த பேரைப் பார்த்து, தளத்தில் நம்பர் எடுத்து, ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டாள். பதினெட்டுப் பேர் எடுக்கவில்லை. ஏழு பேர், நீங்க யாரு என்றார்கள். நாலு பேர் அவளுக்கு இன்சூரன்ஸும் மூலிகை மாவும் விற்கப் பார்த்தார்கள். ரெண்டு பேர், அவள் வாய் திறப்பதற்குள்ளேயே, உங்க கம்பெனில எனக்கு ஏதாச்சும் வேலை இருக்குமா மேடம் என்று கேட்டார்கள். ஒருத்தர் போன மாசமே தவறிவிட்டார் என்று அவர் மகள் சொன்னாள். போன வாரம்கூட அந்த நாற்காலி கிறீச்சிட்டு, ஒரே கம்பெனியில் பத்து வருசம் முடித்ததற்காக துளசிமணி அதற்கு வாழ்த்துகள் சொல்லியிருந்தாள்.

"மொத்தமும் ரிஜெக்டுங்க" என்று புருசனிடம் சொல்லிவிட்டு, உட்கார இடமில்லாமல், வாசப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். வேலை போன அன்றைக்குக்கூட அவள் அழவில்லை.

அந்த வாரத்திலிருந்து அவள் உடம்புக்கு என்னவோ ஆனது. காலையில் எழுந்தால் தோள் ரெண்டும் ஈரத்துணி போட்ட மாதிரி சில்லென்று இருக்கும், தொட்டால் ஈரம் இருக்காது. பத்து மணிக்கு மேல் மடியில் பெரிய பெட்டியைத் தூக்கி வைத்த மாதிரி கனக்கும், சாயங்காலம் வரைக்கும் இறங்காது. சில நேரம் யாரோ தன் முழங்காலில் ஏறி நின்று பல்பு மாட்டுகிறார்கள் என்று தோன்றும். டாக்டர் கால்சியம் குறைவு என்று மாத்திரை எழுதினார். வீதியில் விசாரித்தால் எல்லாருக்கும் முதுகுவலி, கோகிலாவுக்கு ஒன்றரை வருசமாக இருக்கிறது, ரங்கசாமி அண்ணனுக்கு இடுப்பில் யாரோ ஆணி அடிப்பதுபோல இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கிற வேலை அப்படித்தான் என்று ஆளாளுக்குத் தைலம் தடவிக்கொண்டு சும்மா இருந்தார்கள். துளசிமணியால் அப்படிச் சும்மா இருக்க முடியுமா? குறையென்று ஒன்று கண்ணில் பட்டால் அது எந்த மிஷினில் விழுந்தது என்று பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள், குப்புராஜ் ஒரு நாற்காலி முதுகில் துவைத்த துண்டைக் காயப்போடும்போது, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நான் அவிங்கள ஏத்துக்கிட்டா அவிங்க நாற்காலி நம்மூட்டுக்கு வருது. அவிங்களும் என்னைய ஏத்துக்கிட்டாங்கல்ல? அப்ப அவிங்கூட்ல?"

குப்புராஜ் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். "அவிங்கூட்ல நீ" என்றார்.

அவளுக்கு உடம்பு கூசியது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில், ஆபீஸில், தெரியாத ஊரில், தன்மேல் யார் யாரோ துணி காயப்போடுகிறார்கள், பெட்டி வைக்கிறார்கள், ஏறி நிற்கிறார்கள். அவமானமும் கோபமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது. அந்த அவிநாசி ரோட்டுக் கம்பெனியின் பேக்டரி மேனேஜர் தனஞ்செயன் அவளை முதல்நாளே ஏற்றுக்கொண்டவர், மார்ச் பதினெட்டு. முதலில் அங்கே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்து, மறுநாள் காலையில் பஸ் ஏறினாள்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் மாரப்பன் என்ன விசயம் என்று கேட்டார். துளசிமணி உள்ளதை உள்ளபடி சொன்னாள். "உங்க மேனேஜர்கிட்ட என்ற நாற்காலி ஒண்ணு இருக்குதுங்கண்ணா. எப்படி வெச்சிருக்கறாங்கன்னு பாத்துட்டுப் போறேன்." மாரப்பன் அதில் ஒரு தப்பும் காணவில்லை. தன் பொருளைப் பார்க்க வந்தவரைத் தடுக்க அவருக்கு யாரும் உத்தரவு போட்டிருக்கவில்லை. நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் தனஞ்செயனுடைய நாலாயிரம் நாற்காலிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றுக்குள் ஒன்றாக, கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. கழிவுத் துணி மூட்டை, ஹேங்கர் பெட்டி, உடைந்த ஃபேன், எல்லாம் அவற்றின்மேல்தான். சில நாற்காலிகளின் முதுகில் எழுதியிருந்த பேர் தூசியில் படிக்கவே முடியவில்லை.

"இதுல எங்கீங்க தேடறது?" என்றார் மாரப்பன்.

துளசிமணி கொட்டகை நடுவில் நின்றாள். "கையில இருக்கற தடியில ஒவ்வொண்ணாத் தட்டுங்கண்ணா. நான் சொல்றேன்."

மாரப்பன் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக். துளசிமணி கண்ணை மூடிக்கொண்டு, "இல்லீங்க… இல்லீங்க… இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அரைமணி நேரம் ஆகியிருக்கும், இடது மூலையில் நாலாவது வரிசையில் தட்டியபோது அவள் "அம்மா!" என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். பச்சைப் பெயிண்ட் அடித்த மடக்கு இரும்பு நாற்காலி. மடியில் ஹேங்கர் பெட்டி, முதுகில் தரை துடைக்கிற ஈரத் துணி. ரெண்டையும் எடுத்துக் கீழே எறிந்ததும் அவளுக்கு மூச்சு லேசாக வந்தது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள், வெல்டிங்கைத் தடவிப் பார்த்தாள், நாலு காலையும் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். ஒரு குறை சொல்வதற்கில்லை.

"நல்ல நாற்காலிங்க" என்றார் மாரப்பன், ஆறுதலாக.

"தெரியுமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். வெளியே போகிற பக்கம் நடக்கவில்லை. உள்ளே, செக்கிங் டேபிள்கள் இருக்கிற பெரிய ஷெட்டுக்குள் போய், ஒரு டேபிள் ஓரத்தில் நாற்காலியை விரித்துப் போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து, குவிந்திருந்த டீ-சர்ட்டில் ஒன்றை எடுத்து உள்ளே திருப்பினாள்.

பக்கத்துப் பெண்கள் புது ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி அம்பு ஸ்டிக்கர் அட்டையைத் தள்ளிவிட்டாள். பதினோரு மணிக்குள் துளசிமணி நாற்பது பீஸில் ஸ்டிக்கர் ஒட்டி, எல்லாவற்றிலும் வலது அக்குளில் ஒரே இடத்தில் தையல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்து, எழுந்துபோய் தையல் லைனில் எந்த மிஷினின் ஊசி வளைந்திருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பையரின் ஆள் வந்து பார்க்கவேண்டிய சரக்கு அது. சூப்பர்வைசருக்கு வியர்த்துவிட்டது, மேனேஜரைக் கூட்டிவந்தான்.

தனஞ்செயன் அவளைப் பார்த்தார். தெரியவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய நாற்பது பீஸையும் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க? யாரு உங்கள உள்ள விட்டது?"

"நீங்கதானுங்க. மார்ச் பதினெட்டாந் தேதி."

"நானா?"

"ஏத்துக்கறேன்னு போட்டீங்க. எனக்குன்னு நாற்காலியும் போட்டு வெச்சிருக்கறீங்க. கூப்பிட்டு நாற்காலி போட்டா வந்து உக்கார்றதுதானுங்க எங்கூர்ல மரியாதை. வராம இருந்ததுக்கு நீங்கதான் மன்னிக்கோணும்."

ஷெட்டில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தனஞ்செயன் பெரிய படிப்புப் படித்தவர், தளத்தில் நாலாயிரம் பேரை ஏற்றுக்கொண்டவர், தினமும் காலையில் மனிதவளமே நம் செல்வம் என்று எழுதிப் போடுகிறவர், ஆனால் ஏற்றுக்கொண்டவர்களில் ஒரு ஆள் நேரில் வந்து உட்கார்ந்தால் என்ன சொல்வது என்று அவருக்கு எந்தக் காலேஜிலும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அப்புறம் சூப்பர்வைசரைப் பார்த்து, "அக்காவுக்கு ஐடி கார்டு போடச் சொல்லு" என்றார்.

துளசிமணிக்கு வேலை கிடைத்த கதை அன்றைக்கே வீதிக்குள் வந்துவிட்டது. முதலில் சிரித்தார்கள், அப்புறம் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை பூலாங்காட்டு வீதியிலிருந்து பதினேழு பேர் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு ஈரோடு, கரூர், பெங்களூர் என்று கிளம்பிப் போனார்கள், தங்கள் நாற்காலியைத் தேடி. ரங்கசாமி அண்ணன் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தன் நாற்காலியைக் கண்டுபிடித்து, அதன் இடுப்பில் சீரியல் லைட்டுக்காக அடித்திருந்த ஆணியைப் பிடுங்கினார், அத்தனை நாள் இருந்த வலி அந்த நிமிசமே போனது. கோகிலா டெல்லிப் பக்கம்வரை போய், கறுப்புச் சுழல் நாற்காலிக்கு உரிய அந்த மேனேஜரின் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டியால் திருப்பி அனுப்பப்பட்டு, ரெண்டு நாள் ரயிலில் யாரோடும் பேசாமல் திரும்பிவந்தாள். வந்தவள் தன் ஆயிரத்துச் சொச்சத்தையும் பார்த்து, "இவிங்கள்ளாம் கெளம்பி வந்தா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று துளசிமணியிடம் மெதுவாகக் கேட்டாள். துளசிமணிக்கும் அதே பயம்தான் இருந்தது.

அது நடக்க மூன்று வாரம் ஆனது. ஒருநாள் காலை ஏழரை மணிக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவள் ஹாலுக்கு வந்தபோது, ஜன்னலோரம் இருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். காலடியில் துணிப்பை. கையில் குப்புராஜ் கொடுத்த டீ. துளசிமணியைப் பார்த்ததும் எழப்பார்த்து, எழுந்தால் நாற்காலி போய்விடுமோ என்று பயந்தவளைப் போல மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"வணக்கம்க்கா. பேச்சிமுத்து. சங்கரன்கோவில் பக்கம். ஏப்ரல் மாசம் நீங்க என்னை ஏத்துக்கிட்டீயள்லா? அதான் வந்தேன். மில்லு மூடிட்டாவ. எனக்கு வேற போக்கிடம் இல்லக்கா."

துளசிமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த முகம் நினைவில் இல்லை. பேர் நினைவில் இல்லை. ஏப்ரலில் ஒரே நாளில் அறுபது பேரை, டிவி பார்த்துக்கொண்டே, கட்டைவிரலால் ஏற்றுக்கொண்டது மட்டும் நினைவுக்கு வந்தது. "யாரு உன்ன உள்ள விட்டது?" என்ற கேள்வி அவள் வாய் வரைக்கும் வந்து நின்றது. பேக்டரியில் தனஞ்செயன் முகம் அன்றைக்கு ஏன் அப்படிப் போனது என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அந்த மனுசன்மேல் முதல்முறையாக இரக்கமும் வந்தது.

"கையக் காட்டு" என்றாள். அந்தப் பெண் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையையும் நீட்டினாள். விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த தழும்பு. துளசிமணி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்திரி."

பேச்சிமுத்துவின் முகம் செத்துப்போனது. பைக்குக் கையை நீட்டினாள்.

"பைய வெச்சுட்டு எந்திரி கண்ணு. ஏழே முக்காலுக்கு பஸ்சு. அங்க லைன்ல ஆள் கேட்டுட்டு இருந்தாங்க, சொல்லிப் பாக்கலாம். கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது துளசிமணி தலையைத் தூக்கி வீதியைப் பார்த்தாள். முனையில், மாவு மில் பக்கம், ஒரு பெரியவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும், இன்னும் நாலைந்து பேரும், பையும் பெட்டியுமாக, ஒவ்வொரு கேட்டிலும் நம்பரைப் படித்துக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள். கோகிலா வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அதற்கடுத்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது.

துளசிமணி எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தாள், ஒன்றுகூடத் தெரிந்த முகம் இல்லை.

பின்னால் குப்புராஜ் வந்து நின்று எட்டிப்பார்த்தார். "ஏம்புள்ள" என்றார் குரலை இறக்கி, "கதவச் சாத்தட்டுமா?"



"வர்றவிங்களுக்குத் தண்ணி எடுத்து வையுங்க" என்றாள்.